எந்தக் கடையில் கொடுக்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாகப் போகும் சுகாதார வேலையில் சேர்ந்தபோது, வயதானவர்கள் இருக்கும் வீடுகளைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள். காரணம் என் தமிழ். ஆயா, அதாவது பாட்டி, வளர்த்த பிள்ளை என்பதால் அது ஒட்டிக்கொண்டது. என் வயதுக்காரர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் கோயிலோடு சரி.

முதல் மாதம் நான் அடித்த கூத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. 1996 அரசியலமைப்பின் 27ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக்கொண்டு போய், "சுகாதாரச் சேவைகளைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு" என்று ஒவ்வொரு வீட்டிலும் வாசித்தேன். மாடி வீட்டு ஆயா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது எந்தக் கடையில கொடுக்கறாங்க பாப்பா?" என்றார். கிண்டல் இல்லை. ஏதோ புது மருந்து என்று நினைத்துவிட்டார்.

அவருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும். டப்பாவில் மாத்திரைகளைக் கத்தியால் பாதி பாதியாக வெட்டி வைத்திருந்தார். அரசு கிளினிக்கில் மாத்திரைக்குக் காசு கிடையாது. ஆனால் இருட்டோடு கிளம்பி, டாக்ஸி பிடித்து, வரிசையில் மத்தியானம் வரை உட்கார வேண்டும். ஒரு மாத மாத்திரையை இரண்டு மாதம் இழுத்தால் ஒரு நடை மிச்சம். "கேட்டா சிஸ்டர் கோவிச்சுக்குவாங்க" என்பது அவருடைய இன்னொரு பயம். கொடுப்பதே பெரிய மனசு, அதில் குறை வேறு சொல்வதா என்கிற நினைப்பு.

எனக்குப் பயிற்சி கொடுத்த அக்காதான் 27ஆம் பிரிவை முழுக்கப் படிக்கச் சொன்னார். அரசு "கையிலுள்ள வளங்களுக்குள்" செய்தால் போதும் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. அந்த வரியில் மாட்டிக்கொண்டவர் இதே டர்பன்காரர், தியாகராஜ் சுப்பிரமணி. 41 வயது; சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், கடைசியில் சிறுநீரகமும் போனது. காசு இருந்தவரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அரசு மருத்துவமனையில் கேட்டார். இயந்திரங்கள் குறைவு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே இடம் என்று மறுத்தார்கள். இது அவசர சிகிச்சை ஆகாது என்று 1997 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார்.

அதே பிரிவு, அதே நீதிமன்றம், 2002இல் வேறு மாதிரி பேசியது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு, பிள்ளைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைச் சில இடங்களில் மட்டும் கொடுத்த அரசை, எல்லா இடத்திலும் கொடு என்றது. வழக்குப் போட்டது, எச்.ஐ.வி. மருந்துக்காகப் போராடிய சிகிச்சை செயல்பாட்டு இயக்கம். தெருவில் இறங்கிக் கத்தியதால் ஜெயித்தார்கள் என்று எங்களில் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மை. ஐந்து வருடத்துக்கு மருந்தை இலவசமாகத் தருகிறோம் என்று கம்பெனி ஏற்கெனவே சொல்லியிருந்தது. காசில்லை என்கிற பேச்சுக்கு அங்கே அவ்வளவு இடமில்லை.

வாசிப்பதை விட்டேன். ஆயாவின் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்த டயாலிசிஸ் வரிசைதான் கண்ணுக்குள் வந்தது.

ஆயா கேட்ட மாதிரி ஒரு கடை உண்மையிலேயே இருந்தது. நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பக்கத்து மருந்துக்கடையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014இலிருந்து நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், பாதி மாத்திரை போடுகிறவருக்குச் சர்க்கரை எப்படி அடங்கும்? அடங்கினால்தான் கடை. கடை இருந்தால்தான் முழு மாத்திரை. ஆகவே மாதாமாதம் நானும் அவரோடு வரிசையில் உட்கார்ந்தேன். (எங்களுக்கே மாதம் 3,500 ராண்ட் என்று ஒப்பந்தம் வந்தது 2018இல்தான். அடுத்தவர் உரிமை பேசுகிறவர்கள் சம்பளம் கேட்பது சிலருக்கு அசிங்கமாகப் படுகிறது.)

ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது ரத்தத்தில் சர்க்கரை பார்க்க மேசை போட்டோம். எல்லோரும் கூழ் குடித்த கையோடு வந்து விரலை நீட்டினார்கள். ஒரே உச்சம்! அடுத்த வருடம் மேசையைக் கூழ் அண்டாவுக்கு முன்னால் போட்டோம்.

ஆயாவின் சர்க்கரை எண் மெல்ல இறங்கியது. கடையில் பெயர் பதிந்தாயிற்று. மருந்து வந்துவிட்டது என்று போனில் வந்த செய்தியைப் பேரன் வாசித்தானாம். அதைச் சொன்ன கையோடு பக்கத்து வீட்டம்மாவின் கிளினிக் கார்டை எடுத்து நீட்டினார்.

"இவளுக்கு மட்டும் ஏன் கடை கிடையாதாம்? நீ போய்க் கேளு."

"சர்க்கரை இன்னும் இறங்கல ஆயா. சிஸ்டர்கிட்டப் பேசணும். நீங்களும் வாங்க."

கொஞ்சம் யோசித்தார்.

"வியாழக்கிழமைன்னா வரேன். சனிக்கிழமை கூப்பிடாதே, புரட்டாசி."