ஸ்பெயர் ரயருக்கும் ஒரு 'சரி'

2017 இல் ஒரு நாள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடும்பத்தோடு திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் ரயரில் காற்றுப் போய்விட்டது. பொழுதுபட்ட நேரம், இரண்டு பக்கமும் காடு, முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்க வைத்திருந்த தேங்காய் டிக்கியில் அப்படியே கிடக்கிறது. பரவாயில்லை, ஸ்பெயர் இருக்கிறதே என்று சாமான்களை எல்லாம் றோட்டோரம் இறக்கி வைத்து, டிக்கிப் பாயைத் தூக்கினால் அதற்கடியில் மகள் எட்டு மாதத்துக்கு முதல் தொலைத்த செருப்பு ஒன்று. அதற்கும் அடியில் ஸ்பெயர் ரயர். கையால் அமுக்கினால் உள்ளே போகிறது. காற்றே இல்லை.

வெளிக்கிட நாலு நாளைக்கு முன்னர்தான் காரைக் கொம்பனி சேர்விசுக்கு விட்டு எடுத்திருந்தேன். அந்தத் தாள் டாஷ்போர்டில் இருந்தது. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். 'ஸ்பெயர் ரயர் காற்று' என்ற வரிக்கு நேரே நீல மையில் அழகாக ஒரு 'சரி' அடையாளம். செருப்பு எட்டு மாதம் அசையாமல் கிடந்த இடத்தில் யார், எப்போது காற்றைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த வழியால் வந்த ஒரு லொறிக்கார அண்ணை சில்லைக் கழற்றி ஏற்றிக்கொண்டு மாங்குளத்துக்குக் கூட்டிப்போய் ஒட்டுவித்துக் கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை. "நல்ல காலம் தம்பி, நான் வந்தது" என்று மட்டும் சொன்னார்.

கார் ஒரு மாருதி அல்டோ 800. 2015 இல் புதிதாக எடுத்தது. எடுக்கும்போதே மூன்று வருட சேர்விஸ் பக்கேஜுக்கும் சேர்த்துக் காசு கட்டினேன். அதை முட்டாள்தனம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். வாழ்க்கையில் முதல் புதுக் கார், வாறண்டி போய்விடுமோ என்ற பயம், அதோடு ஏசி போட்ட அறையில் இருத்தித் தேத்தண்ணியும் தருவார்கள். மாங்குளத்துக்குப் பிறகுதான் பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்து ஆறுதலாக வாசித்தேன். ஒவ்வொரு தாளிலும் இருபதுக்கு மேல் வரிகள். அவற்றில் உண்மையாகவே காருக்குள் போன சாமான் எது என்று பார்த்தால் என்ஜின் ஒயில், ஒயில் பில்டர், வடிகால் போல்ட்டுக்கு ஒரு வாசர், எப்போதாவது ஒரு எயர் பில்டர். மிச்சம் எல்லாம் 'பார்க்கப்பட்டது'. அதற்கு மேலால் பக்கேஜில் இல்லாத சாமான்கள்: என்ஜினைக் கழுவுகிற மருந்து, பெற்றோலில் ஊற்றுகிற மருந்து. கவுண்டரில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு "போட்டால் நல்லம் அண்ணா" என்று சொன்னால் நான் எப்போதும் தலையாட்டியிருக்கிறேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு பதிலும் சொல்லவில்லை, எழும்பிப் போய்த் தன்னுடைய ஸ்பானர் பெட்டியைத் தூக்கி வந்து விறாந்தையில் வைத்தார்.

அப்பாவின் கார் ஒரு மொறிஸ் மைனர். 90 களில் போர்த் தடையால் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கதை எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும், பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் சரியாக ஆவியாகாது, ஆகவே ஒரு சின்னப் போத்தல் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் தேய்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும், அதுதான் கள்ளம் பிடிக்கிற இடம் என்று அப்பா சொல்வார். மணந்து பார்த்தே ஒயில் மாற்ற வேண்டுமா இல்லையா என்று முடிவெடுத்த மனுசனுக்கு, அடுத்த சேர்விஸ் எப்போது என்று ஒட்டி விடுகிற 5,000 கிலோமீற்றர் ஸ்ரிக்கர் ஒன்றும் பெரிய விசயமில்லை. அவர் இந்த வேலையை ஆசைக்குப் பழகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு வழி இருந்திருந்தால் அவரும் கராஜில் விட்டுவிட்டு வந்து படுத்திருப்பார்.

பக்கேஜ் 2018 இல் முடிந்தது. அந்த மாதமே முதல் தடவை நானாக ஒயில் மாற்றினேன். காரை உயர்த்த இரண்டு பனங்குற்றிகளைச் சரிவாக வெட்டி வைத்திருக்கிறோம், முன் சில்லுகள் அதில் ஏறும், பின் சில்லுகளுக்குக் கல் அண்டக் கொடுப்போம். (ஜக்கில் மட்டும் நிற்கிற காருக்கு அடியில் போகக்கூடாது. ஜக் சறுக்கினால் ஆள் முடிந்தது.) பத்து நிமிடம் ஓடவிட்டு, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு, போல்ட்டைக் கழற்றினேன், கறுப்பு ஒயில் இறங்கியது, பழைய பில்டரைத் திருகி எடுத்தேன், புதுப் பில்டரின் ரப்பரில் விரலால் ஒயில் தடவிக் கையாலேயே இறுக்கினேன், ரப்பர் முட்டின பிறகு முக்கால் சுற்று. எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. புது ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணி, அரை நிமிடம் ஆகியிருக்காது, அப்பா விறாந்தையில் இருந்து "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்துகிறார். குனிந்து பார்த்தால் காருக்கடியில் ஒரு சின்னக் குளம்.

நடந்தது இதுதான்: பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் புது வளையம் இருந்தால் இரண்டு ரப்பரும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஒயில் அழுத்தம் ஏறினவுடன் பக்கத்தால் பீச்சும். வாசல் முழுக்க ஒயில், மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டா, ஏசியிருந்தால் பரவாயில்லை. ஸ்ரான்லி வீதிக்குச் சைக்கிளில் போய் இன்னொரு கான் ஒயில் வாங்கி வந்தேன். ஆக, மிச்சம் பிடிக்க வெளிக்கிட்ட முதல் நாளே பக்கேஜை விடக் கூடுதலாகச் செலவழித்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்த வளையத்தை நான் இனி மறக்கமாட்டேன், கழற்றின பில்டரைத் திருப்பிப் பார்த்து ரப்பர் அதிலேயே வந்திருக்கிறதா என்று கவனித்த பிறகுதான் மற்ற வேலை.

அன்றைக்குக் கடையில் இன்னொரு சண்டையும் நடந்தது. நான் கேட்டது கையேட்டில் போட்டிருக்கிற 5டபிள்யூ-30. கடை ஐயா 20டபிள்யூ-50 ஐ எடுத்து நீட்டுகிறார். "தம்பி, எங்கட ஊர் வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் நல்லம், அது வெள்ளைக்காரன்ர குளிருக்குச் செய்தது." கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் இலக்கம் ஒயில் குளிர்ந்து கிடக்கும்போது எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது இலக்கம்தான் 100 பாகை சூட்டில் அதன் தடிப்பு. காலையில் ஸ்டார்ட் பண்ணுகிற முதல் சில விநாடிகளில்தான் ஒயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேராமல் என்ஜின் தேயும், அந்த நேரத்தில் மெல்லிய ஒயில் சுறுக்காக ஓடும். தேய்ந்து ஒயில் குடிக்கிற கிழட்டு என்ஜினுக்குத் தடிப்பான ஒயில் கொஞ்சம் சத்தத்தை அடக்கும், அது உண்மை, ஐயா பார்த்த கார்கள் அப்படிப்பட்டவை. மூன்று வயதுக் காருக்கு அது தேவையில்லை. அவர் இன்னமும் என்னை 'மெல்லிய ஒயில் தம்பி' என்றுதான் கூப்பிடுகிறார்.

றேடியேட்டர் விசயத்தில் மட்டும் நான் அப்பாவோடும் சண்டை. அவர் காலத்தில் கிணற்றடியில் ஒரு வாளி அள்ளி ஊற்றினால் முடிந்தது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்பு கரைந்த தண்ணி, கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகப் படிந்திருக்கும். கேத்திலில் படிகிறது றேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். படிந்தால் சூடு இறங்காது, பிறகு ஒருநாள் மதியம் சாவகச்சேரிப் பக்கம் ஊசி சிவப்புக்கு ஏறும், நாங்கள் பம்பைக் குறை சொல்லுவோம். றேடியேட்டருக்கென்றே விற்கிற கூலன்ட் போடுங்கள். அவசரத்துக்குத் தண்ணி விட வேண்டி வந்தால் பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணியை விடுங்கள், ஒரு போத்தல் டிக்கியில் கிடக்கட்டும். சூடாக இருக்கிற றேடியேட்டர் மூடியைத் திறக்கிற வீரத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எயர் பில்டர் மிகச் சுகம், நாலு கிளிப், ஸ்பானரே தேவையில்லை. வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடுகிறவர்கள் கையேட்டில் சொன்ன தூரத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே திறந்து பார்க்க வேண்டும். நான் ஒருமுறை திறந்தபோது உள்ளே தும்பும் பஞ்சும் மாவிலையும் வைத்து அணில் ஒன்று வீடு கட்ட ஆரம்பித்திருந்தது. புகைச் சோதனைக்குப் போக முன்னர் இதைப் பார்ப்பது நல்லம், அடைத்த பில்டரோடு போய் ஃபெயில் ஆகிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் நானே செய்கிறேனா என்றால் இல்லை. பிறேக்கில் கை வைக்கமாட்டேன். காற்றில் இருக்கிற ஈரத்தைப் பிறேக் ஒயில் உறிஞ்சும், உறிஞ்சினால் அதன் கொதிநிலை இறங்கும், மூன்று பக்கமும் கடலும் களப்பும் இருக்கிற ஊரில் அதை நேரத்துக்கு மாற்ற வேண்டும் என்பது தெரியும், ஆனால் பிறேக் குழாய்க்குள் நிற்கிற காற்றை வெளியே எடுக்கிற வேலையில் ஒரு குமிழி மிஞ்சினாலும் பாவம் பிள்ளைகள். கொக்குவிலில் எனக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார், அவர் செய்வார், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற ரைமிங் பெல்ட்டும் அவர்தான். அல்டோ 800 இல் சங்கிலி இல்லை, பெல்ட், அதைக் கணக்குத் தப்பாமல் மாற்ற வேண்டும். அடிப்பக்கம் கழுவுகிறதும் சேர்விஸ் ஸ்டேஷனில்தான், பண்ணைப் பாலத்தால் தீவகம் போய் வருகிற கார் என்றால் அந்த உப்பை வீட்டுக் குழாயால் கழுவிப் போக்க ஏலாது. ஹைபிரிட் கார் வைத்திருக்கிற மச்சான் என்னைக் கேட்டார், என்ர பெரிய பற்றரியையும் பார்ப்பமோ என்று. பின் சீற்றுக்குப் பக்கத்தில் அந்தப் பற்றரிக்குக் காற்றுப் போகிற பில்டரைத் துப்புரவாக்கிக் கொடுத்தேன், செம்மஞ்சள் வயர் தெரிந்தவுடன் மூடிவிட்டேன். அந்த வோல்ற்றேஜ் ஆளைக் கொல்லும்.

பக்கேஜ் எடுக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆளும் நானில்லை. இன்னும் வாறண்டி இருக்கிற புதுக் கார் என்றால் கட்டுங்கள், ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது அந்தத் தாள்களுக்கு விலை இருக்கிறது. என் சிநேகிதர் ஒருவர் 2021 கடைசியில் இரண்டு வருடத்துக்கு முன்காசு கட்டினார், நான் பெரிதாகப் புத்தி சொன்னேன். 2022 இல் 200 ரூபாய் டொலர் 360 ஐத் தாண்டியது, ஒயில் விலையை நான் கடையில் நின்று கேட்டுக்கொண்டு நின்றேன், அவருக்குக் கொம்பனி பழைய விலைக்கே செய்து கொடுத்தது. இன்றுவரை தேத்தண்ணிக்கு வந்தால் அதை ஒருமுறை சொல்லாமல் போகமாட்டார்.

என் கணக்கு இதுதான். போன முறை ஒயில், பில்டர், வாசர் எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூட. அதே வேலைக்குக் கொம்பனியில் கேட்ட விலை முப்பத்தோராயிரம். மினக்கெட்ட சனிக்கிழமைக் காலையையும் நகத்தில் நிற்கிற கறுப்பையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் லாபம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் திறக்கும் மட்டும் இந்தக் காரைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது, திறந்த பிறகும் புதுக் கார் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து இதைத்தான் துடைக்கிறேன். மூன்று பிளக்கில் எது கொஞ்சம் கூடக் கறுக்கிறது என்று எனக்குத் தெரியும். ஸ்பெயர் ரயருக்கு மாதம் ஒருக்கால் காற்றுப் பார்க்கிறேன்.

பழைய ஒயில்தான் மிச்சப் பிரச்சினை. அப்பா அதை வேலிக் கட்டைக்கும் பனஞ்சிலாகைக்கும் கறையானுக்குப் பூசச் சொல்லுவார், ஊரில் எல்லாரும் செய்ததுதான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த பிறகு எனக்கு அதற்கு மனம் வரவில்லை. எங்கள் மண் மெல்லியது, அதற்குக் கீழே வெடிப்பும் ஓட்டையுமான சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது குடிக்கிற தண்ணிக்குப் போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. கொக்குவில் மெக்கானிக் கழிவு ஒயிலைப் பரலில் சேர்த்து வைத்து எடுக்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார். பின்பக்கக் கொட்டிலில் இரண்டு கான் நிரம்பிக் கிடக்கிறது, புதன்கிழமை பிறேக் ஒயில் மாற்றப் போகும்போது மறக்காமல் ஏற்ற வேண்டும், போன முறையும் இப்படித்தான் சொல்லிவிட்டு மறந்துபோனேன்.