கணுக்காலுக்கு மேலே ஒரு கை

"வேலிக்கும் தரைக்கும் நடுவுல எவ்வளவு இடம் விடுவீங்க?"

பனிச்சறுக்கு மலையில், காற்றில் பறக்கும் பனியைப் பிடித்துச் சேர்க்கும் பனிவேலி போட ஆள் எடுக்கிறோம். இன்று காலை வந்த எல்லாரிடமும் இதைத்தான் முதலில் கேட்டேன். மூன்று பேர், "இடமே விடக்கூடாது, பனி ஓடிடும்" என்றார்கள்.

நாலாவது ஆள் வாயைத் திறக்கவில்லை. எழுந்து குனிந்து, கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார்.

"ரெண்டு மீட்டர் வேலின்னா இவ்வளவு. இல்லேன்னா வேலியே புதைஞ்சு போயிடும்."

விரல் முட்டியெல்லாம் குளிரில் வெடித்து ஆறிய தழும்பு.

பனிவேலி என்பது சுவர் இல்லை. பாதிக்குப் பாதி ஓட்டையாக இருந்தால்தான் வேலை செய்யும். உள்ளே புகுந்த காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியை வேலிக்குப் பின்னால் இறக்கிவிட்டுப் போகும். அந்தக் குவியல் வேலியின் உயரத்தைப் போல 30 மடங்குக்கு மேல்கூட நீளும். வேலி நிற்கும் இடம் தப்பினால், சறுக்குப் பாதையில் பாறை தெரியும். பனி வேறெங்கோ கிடக்கும்.

தரை உறைவதற்குள் கம்பம் நட்டாக வேண்டும். அப்புறம் குளிர்காலம் முழுக்க, புதைந்ததைத் தோண்டி எடுத்து உயர்த்திக் கட்ட வேண்டும். அதுவும் காற்று அடிக்கும்போதே. செயற்கைப் பனி எந்திரத்துக்குக் கணக்குப் பார்க்காதவர்கள், வேலி போடுகிறவர்களின் கூலிக்குப் பேரம் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சம்பளம் சொல்ல வாயெடுத்தேன்.

"அது இருக்கட்டுங்க. அங்க காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?" என்றார்.

நாளைக் காலை இருவரும் மேலே போய்ப் பார்க்கிறோம்.