இரட்டைப் பதிவும் தைல வண்ணமும்

இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு அருகே தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்து, இன்று அந்நகரில் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்கும் என் நண்பரின் ஓவியங்களைப் பற்றி எழுத நெடுநாளாக எண்ணியிருந்தேன். பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். அவருடைய ஓவியங்கள் யாவும் இரட்டைப் பதிவுப் புகைப்படத்திலிருந்து, அதாவது ஃபிலிம் சுருளை நகர்த்தாமல் ஒரே சட்டத்தில் இரண்டு காட்சிகளை எடுக்கும் பழைய உத்தியிலிருந்து பிறப்பவை.

முதற்படம் பெரும்பாலும் பழைய ஸ்டூடியோப் படமாக இருக்கும். இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இரண்டாக்கியது; பிரிவதற்கு முன் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள் இன்னும் சில லயக் காம்பராக்களின், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறைகளின், சுவர்களில் தொங்குகின்றன. அப்படியொரு படத்தையும், அதிலுள்ளவர்கள் கொழுந்து பறித்த மலையையும் ஒரே சட்டத்தில் பதித்து, அந்தப் பிரதியைப் பார்த்தே நண்பர் துணியில் வரையத் தொடங்குகிறார்.

இங்கேதான் சிக்கல். ஃபிலிமில் முதற்காட்சியின் இருண்ட பகுதியிலேயே இரண்டாவது தெளிவாக விழும். வெளுத்த பகுதியில் எதுவும் நிற்காது. அதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் ஒளியை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறார்கள். ஒளி சேரச் சேரப் படம் வெளுக்கும். ஒளி ஊடுருவும் தைல வண்ணமோ அடுக்க அடுக்க இருளும். ஆகவே ஃபிலிம் தானாகச் செய்துவிடுவதை ஓவியர் அங்குலம் அங்குலமாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது: கன்னத்தில் முகம் மேலோங்குவதா, தேயிலை நிரை மேலோங்குவதா? அவர் கண்ட வழி, கருமையான அடிவண்ணத்தின் மேல் வெள்ளையை மிக மெல்லிதாகத் தேய்ப்பது. அது வெள்ளையாகத் தெரியாமல் நீலம் பூத்து நிற்கும். தூரத்து மலைகளை நமக்கு நீலமாகக் காட்டும் ஒளிச்சிதறலே அங்கும் நிகழ்கிறது. ஃபிலிமில் எல்லாவற்றையும் அழித்துவிடும் மூடுபனி, துணியில் இரண்டு காட்சிகளையும் பிணைப்பதாகிவிடுகிறது.

உருவத்தின் மேல் உருவத்தை அடுக்கும் ஓவியங்களைப் பிரெஞ்சு ஓவியர் பிரான்சிஸ் பிக்காபியா 1920களின் இறுதியிலேயே வரைந்திருக்கிறார். நம் நாட்டிலும் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் (1900–1944) இருட்டறையில் படங்களை இணைத்தும் ஒளியைத் தலைகீழாக்கியும் பார்த்தவர். இலங்கையின் நவீன ஓவியர் அமைப்பான 43 குழுவின் ஓவியர்கள் 1943இல் ஒன்றுகூடியதும் அவருடைய வீட்டில்தான். ஆனால் பிக்காபியாவிடம் உருவங்கள் ஒன்றையொன்று ஊடுருவி மிதக்கின்றன. நண்பரின் ஓவியத்திலோ ஒன்று மற்றொன்றை மறைக்கவும் செய்கிறது. எனக்குப் பிடித்தது அந்த மறைப்புத்தான்.

எல்லா ஓவியங்களும் எனக்கு உடன்பாடானவை அல்ல. பெண்ணொருத்தியின் பக்கவாட்டு முகம் முழுவதையும் தேயிலைச் செடிகளால் நிரப்பிய ஓவியத்தைக் காண்போர் உடனே பாராட்டுகிறார்கள். எனக்கோ அது விளம்பரப் பலகை போலத் தோன்றுகிறது, ஏனெனில் அதில் எதுவும் எதையும் எதிர்க்கவில்லை. மாறாக, நண்பர் தம் அம்மாயியின் (அம்மாவின் தாயின்) குடும்பப் படத்தை லயத்து இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) மேல் அடுக்கிய ஓவியத்தில், இந்தியாவுக்குப் போன தம்பியின் முகத்துக்கு நேரே கதவு நிலை வந்து விழுகிறது. கதவைச் சற்று நகர்த்தி முகத்தைக் காட்டியிருக்கலாமே என்று கேட்டேன். பிரதியில் அப்படித்தான் விழுந்தது, அதை மாற்ற மனம் வரவில்லை என்றார். ஆனால் அதே ஓவியத்தில் வேறு நான்கைந்து இடங்களைப் பிரதிக்கு மாறாகத் திருத்தியிருக்கிறார் என்பதை அருகில் போய்ப் பார்த்தால் யாரும் கண்டுகொள்ளலாம்.