ஃபிளாட்டைப் படம் எடுக்கும் முன்

விற்கவோ வாடகைக்கு விடவோ ஃபிளாட்டைப் படம் எடுக்க வேண்டுமென்றால், துடைப்பத்துக்கு முன்னால் போனை எடுங்கள். வீடு இருக்கிற கோலத்திலேயே எல்லா அறையையும் ஒரு சுற்று எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். தினமும் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போனதெல்லாம் அதில் துருத்திக்கொண்டு நிற்கும்: பரணில் அட்டைப்பெட்டி, டி.வி.க்குக் கீழே ஒயர்க் கற்றை, போன வருஷத்து காலண்டர், கதவுக்குப் பின்னால் மலைபோல் தொங்கும் சட்டைகள். எதை ஒதுக்குவது என்று தனியாக யோசிக்க வேண்டாம், அந்தப் படங்களே சொல்லிவிடும். ஒதுக்குவதைப் பால்கனியில் குவிக்காதீர்கள். பால்கனியையும் எடுத்தாக வேண்டும். ஒரு படுக்கையறையை முதலில் எடுத்து முடித்து, மற்ற அறைகளின் சாமானை அங்கே தள்ளுவதே சுலபம்.

சென்னை ஃபிளாட்டுகளில் படத்தைக் கெடுப்பதில் முதல் இடம் போர் தண்ணீரின் உப்புக்கறைக்கு. வீடு எவ்வளவு புதிதானாலும், வெள்ளை படிந்த குழாய் அதைப் பழசாக்கிவிடும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துக் குழாயில் சுற்றி 15 நிமிடம் விட்டு, தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பளபளக்கும் டைல்ஸுக்கும் இது ஒத்துவரும். மார்பிள், மொசைக் தரை, கடப்பா கல் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இவற்றில் சுண்ணாம்பு இருப்பதால் புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கிவிடும். பிறகு பாலிஷ் போட்டால்தான் சரியாகும். அவசரத்துக்கு ஆசிட் பாட்டில் வாங்குகிறவர்கள் உண்டு. அது டைல்ஸ் இடுக்கின் பூச்சையும் குழாயின் பளபளப்பையும் தின்னும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி பார்த்து, நன்றாகக் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடியுங்கள். பழைய டப்பாவில் மிச்சம் இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் புது பெயிண்ட் வேண்டாம். ஷேடு எண் ஒன்றாகவே இருந்தாலும் சுவரில் இருக்கும் பெயிண்ட் வெளுத்திருக்கும். திட்டு தனியாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை ஒரு முழுச் சுவராக அடித்துவிடுவது நல்லது. ஓதம் அடித்த சுவர் வேறு விஷயம். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பட்டி பூசினால் அது உப்பி உதிரும். வீடு பார்க்க வருகிறவர் முதலில் கையை வைத்துப் பார்ப்பதும் அங்கேதான்.

இனி வெளிச்சம். காலை வெயில் நன்றாக விழும்போது எடுக்கலாம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கிழக்கு ஜன்னலில் நேர்வெயில் விழுந்தால் கிரில் கம்பியின் நிழல் தரையெங்கும் கோடு போடும், ஜன்னல் வெளுத்துப் போகும், அறை இருண்டு தெரியும். கிழக்கு அறைகளைப் பிற்பகலிலும் மேற்கு அறைகளைக் காலையிலும் எடுங்கள். மழையில்லாத மேகமூட்டம் கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் போதாமல் விளக்குப் போட்டால் எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும். ஒரு மூலையில் மஞ்சள் பல்பு, இன்னொரு மூலையில் வெள்ளை டியூப்லைட் என்றால், எந்த நிறத்தை வெள்ளையாகக் கொள்வது என்று கேமரா குழம்பி, பாதிச் சுவரை நீலமாக்கிவிடும். சில எல்.இ.டி. விளக்குகளில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் போன் கேமராவின் புரோ மோடில் (அமைப்புகளை நாமே மாற்றும் முறை) ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், இறக்கையைத் துடைத்துவிட்டு.

போன் லென்ஸைத் துணியால் துடைத்து, போனைப் படுக்கைவாட்டில் நாலடி உயரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். மேலே கீழே சாய்ந்தால் சுவர்கள் சாயும். கேமரா திரையில் கட்டக்கோடுகளை (கிரிட்) ஆன் செய்தால் கதவு நிலையை வைத்துச் சரிபார்க்கலாம். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் சின்ன அறைக்கு உதவும். ஆனால் ஓரத்தில் ஃபிரிட்ஜ் வந்தால் அது பீரோ அளவுக்கு வீங்கும், பத்தடி அறை ஹால் போலத் தெரியும். நேரில் வருகிறவர் வாசலிலேயே ஏமாந்துபோனால் விலைப் பேச்சு அங்கேயே இறங்கும்.

சமையல்கட்டில் மேடையில் அடுப்பு மட்டும் போதும். மிக்ஸி, எண்ணெய்த் தூக்கு, சிலிண்டர் எல்லாம் வெளியே. மேடையின் மேல்பரப்பு தெரியும்படி நாலரை அடியிலிருந்து எடுங்கள். பாத்ரூமை வாசலில் நின்று எடுங்கள். பக்கெட், மக் வேண்டாம், தரை ஈரமில்லாமல், டாய்லெட் மூடி மூடியிருக்க வேண்டும். கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்றும் பாருங்கள். வாசலில் செருப்பை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கோலம் போட்டால் நன்றாகவே இருக்கும்.

குடும்பப் படம், குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ், பீரோவில் தொங்கும் சாவி, கார் நம்பர், கதவு எண், ஈ.பி. மீட்டர் எண் எதுவும் படத்தில் வரக்கூடாது. குடியிருப்பவர் வாடகைக்காரர் என்றால் அவர் சம்மதத்தோடும், அவர் சொல்லும் நேரத்திலும்தான். எடுக்கும்போது கேமராவின் லொகேஷனை அணைத்துவிடுங்கள். புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.