பெரியப்பா மேல் காக்கைகள் போட்ட வழக்கு

எங்கள் பெரியப்பாவுக்கும் ஊர்க் காக்கைகளுக்கும் ஆகாது. பங்காளிச் சண்டை என்றால் பஞ்சாயத்து வைத்து முடித்துவிடலாம். இதற்கு யாரைக் கூப்பிடுவது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். சித்திரை வெயிலில் பெரியம்மா மொட்டைமாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தார். கொல்லை மாமரத்துக் காக்கை பாதியைத் தின்றுவிட்டு, மீதியின் மேல் நடந்து போயிருந்தது. பெரியப்பாவுக்கு வந்ததே கோபம்! தொரட்டியை எடுத்து, மரத்திலிருந்த கூட்டையே இழுத்துக் கீழே போட்டுவிட்டார்.

அந்தக் கூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கட்டுக்கம்பி, கேபிள் ஒயர், துணி மாட்டும் கம்பி ஒன்று. உள்ளே மட்டும் பதமாகத் தேங்காய் நார். எதிர்வீட்டில் தளம் போட்டபோது கட்டுக்கம்பி குறைகிறது என்று கொத்தனார் பாவம் அந்தச் சித்தாளை என்ன திட்டுத் திட்டினார்! இரும்புக் கம்பியில் கூடு கட்டுவது நம்மூர்க் காக்கைக்குச் சர்வசாதாரணம்.

உடைந்து கிடந்த முட்டைகள் நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி போட்டவை. அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் சின்னது.

"பெரியப்பா, அது குயில் முட்டை."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. காலையில் குயில் கூவினால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். "என்ன குரல்டா அவளுக்கு" என்பார். கூவுவது அவள் இல்லை, அவன். ஆண் குயில்தான் கறுப்பு; பாட்டெல்லாம் அதனுடையது. பெண் குயில் உடம்பெல்லாம் புள்ளியோடு பழுப்பாக இருக்கும், 'கிக் கிக்' என்று கத்தும். கூடு கட்டும் வேலையே வைத்துக்கொள்ளாது. சில சமயம் ஆண் குயில் கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் காக்கையைச் சீண்டும். காக்கை அதைத் துரத்திக்கொண்டு போகும் நேரத்தில் பெண் குயில் உள்ளே புகுந்து முட்டையிட்டுவிட்டு நழுவிவிடும். குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுக்கு முன்பே பொரிந்து, முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும்.

"நீங்க கலைச்சது குயிலோட பிரசவ ஆஸ்பத்திரி" என்றேன். அன்று அவர் காப்பியே குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காக்கைகள் ஆரம்பித்தன. பெரியப்பா கொல்லைக் கதவைத் திறந்தால் போதும், தலையில் ஒரு கொத்து. துண்டைத் தலையில் கட்டிப் பார்த்தார். குடை பிடித்தார். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பாத்ரூம் போன ஒரே மனிதர் எங்கள் தெருவில் அவர்தான். அதே கொல்லையில் நான் போகிறேன், பெரியம்மா போகிறார், ஒரு காக்கையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவருக்கு ஒரே ஆறுதல் கரிச்சான். காக்கையில் பாதிகூட இருக்காது, ஆனால் தன் கூட்டுப் பக்கம் வந்தால் பருந்தையே விரட்டும். அது காக்கையின் முதுகில் கொத்திக் கொத்தித் துரத்தும்போது பெரியப்பா ஜன்னலுக்குள்ளிருந்து, "விடாதே, போடு!" என்று உற்சாகப்படுத்துவார்.

காக்கைக்கு ஆள் முகம் மறக்காது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் இதைச் சோதித்தார். குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் யார் அந்த முகமூடியோடு வந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தித் தீர்த்தன. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. ஆண்டுகள் போயும் விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அப்போதைய துணை அதிபர் டிக் சேனியின் முகமூடியையும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அவரைக் காக்கைகள் கண்டுகொள்ளவேயில்லை. அங்கே இருப்பது வேறு ஜாதிக் காக்கை, கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது. குணம் மட்டும் நம்மூர்தான்.

"முகமூடி போட்டுக்கிட்டு நடக்கறதுக்கு அங்க சம்பளம் தர்றாங்களா?" என்று கேட்டார் பெரியம்மா. அவருக்குப் பிடித்த பறவை இலைக்கோழி. தாமரைக் குளத்தில் இலை மேலேயே நடக்குமே, அது. நீளவால் இலைக்கோழியில் பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைப் பார்க்கப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு மேய்ப்பதும் ஆண்தான். இதை நான் சொன்ன நாளிலிருந்து, பெரியப்பா தண்ணீர் கேட்டால்கூட, "இலைக்கோழியைப் பாருங்க" என்கிறார்.

பெரியப்பாவோ சியாட்டில் கதையிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொண்டார். "அப்ப, முகத்தை மாத்திட்டாப் போதும்ங்கிற?"

ஆடி அமாவாசை வந்தது. காக்கை சாப்பிடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. வாழைக்காய்க் கறி, வடை, பாயசம் எல்லாம் தயார். மாடிக்கு இலையோடு வந்த பெரியப்பாவின் முகத்தில், பேத்திக்குப் பங்குனித் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த புலி முகமூடி.

"கா... கா..." என்றது புலி.

தென்னை மட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்த காக்கைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தன. கொத்த ஒன்றும் வரவில்லை. சாப்பிடவும் வரவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் குரைத்தது. கீழே எனக்குப் பசியில் கண்ணை இருட்டியது.

"ஏங்க, மாமா உசுரோட இருக்கிறப்பவே பூனைக்குப் பயப்படுவாரு. புலி கூப்பிட்டா எப்படி வருவாரு?" என்றார் பெரியம்மா.

கடைசியில் பேத்தி இலையை வாங்கிக்கொண்டாள். பெரியப்பா முகமூடியோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அவள் ஒரு தடவைதான் கூப்பிட்டாள். நாலைந்து காக்கைகள் சுவரில் வந்து இறங்கின.

"அப்பா வந்துட்டாரா?" தொட்டிக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாகக் குரல்.

"வந்தாரு. வடையை மட்டும் எடுத்துக்கிட்டு, தொட்டிப் பக்கம் ஒரு முறை முறைச்சுட்டுப் போயிட்டாரு. எல்லாரும் சாப்பிட வாங்க."