குரலைத் தூக்கு தம்பி

"நாயனத்த எறக்குனா அது அம்மன் பாட்டா தம்பி?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நேரான பதில் இல்லை. பாட்டை மிக்ஸ் செய்தது நான், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்தது. குரல் உள்ளே போய்விட்டது, கொஞ்சம் தூக்கி விடு என்று கேட்டார் பாடியவர். "குரல் இருக்கற எடத்துலதான்ணே இருக்கு, நாயனம் மேல ஏறி உக்காந்திருக்கு, அத எறக்குறேன்" என்றேன். அதற்குத்தான் அப்படிக் கேட்டார்.

நையாண்டி மேளத்தோடு பாடிய ஆடி மாதப் பாட்டு. கம்ப்யூட்டர் கிடையாது. டாஸ்காம் டிபி-24 மாதிரியான பதிவு மெஷின்: ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளு குமிழான ஃபேடர் மோனோவில் 12, ஸ்டீரியோவில் 6, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மாஸ்டர். தனித்தனிப் பதிவான எல்லா ட்ராக்கையும் ஓடவிட்டு மாஸ்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் நிறுத்தியிருந்தேன். குரல் மீட்டரில் நாயனத்தைவிடத் தாழ்வாக இல்லை. ஆனால் காதில் ஏறவில்லை, அதுவும் உண்மை. க, ச, த போன்ற எழுத்துகள் தெளிவாகக் கேட்க ஒலியின் அதிர்வெண்ணில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடம் காலியாக இருக்க வேண்டும். நாயனத்தின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. குரலை 3 டெசிபல் ஏற்றினால் பல்லவியில் வரி புரியும். சரணத்தில் நாயனம் ஓய்ந்ததும் அதே குரல் மேளத்தை விட்டுத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால்தான் குரலைத் தொட வேண்டாம் என்றேன். அந்தக் காரணம் இப்போதும் சரியாகத்தான் படுகிறது.

கையால் ஏற்றி இறக்கலாமே என்பார்கள். இந்த மெஷினில் ஃபேடர் அசைவைப் பதிந்து வைக்கும் வசதி இல்லை. எல்லா ட்ராக்கையும் ஓடவிட்டு ஒரே பதிவாக்குவதுதான் மிக்ஸ்டவுன்; 5 நிமிடப் பாட்டுக்கு அதுவும் 5 நிமிடம்தான். இடது கை குரலில், வலது கை நாயனத்தில். நாலாவது நிமிடத்தில் விரல் பிந்தினால் மறுபடி முதலிலிருந்து. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. நாயனம் குரலோடு மோதும் வரிகளை மட்டும் காலியான வேறொரு ட்ராக்குக்கு அதே நேரப்புள்ளியில் காப்பி செய்து, பழைய ட்ராக்கில் அந்த இடங்களைச் சைலன்ஸ் ஆக்கிவிட வேண்டும். புது ட்ராக்கில், குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவின் நடுப்பகுதியை 2.8 கிலோஹெர்ட்ஸில் வைத்து 4 டெசிபல் வெட்டி, ஃபேடரையும் 2 டெசிபல் இறக்கினால் போதும். மோதாத இடத்தில் நாயனம் முழு வீச்சில் இருக்கும், ஃபேடரைத் தொடவும் வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மூச்சு எடுக்கும் இடம் பார்த்து வெட்ட வேண்டும். நீண்ட சுரத்தின் நடுவே வெட்டினால் நிறம் மாறுவது அப்பட்டமாகத் தெரியும்.

இதையும் அவரிடம் சொன்னேன். "நீ என்ன வேணா பண்ணு, எனக்குக் குரல் கேக்கணும்" என்றார்.

அவர் எதில் கேட்டுவிட்டு அப்படிச் சொன்னார் என்பது அப்போது பேச்சிலேயே வரவில்லை. நான் மானிட்டரில் கேட்டது மிக்ஸ். அவர் போனில் கேட்டது மாஸ்டரிங் முடிந்த ஃபைல், அதாவது மிக்ஸுக்குப் பிறகு மொத்தப் பாட்டின் ஒலியையும் கடைசியாகச் சீராக்கியது. இரண்டும் ஒன்றல்ல. உரக்க எழும் ஒலியை அமுக்குவது கம்ப்ரஸர். மாஸ்டரிங்கில் வரும் மல்டிபேண்ட் கம்ப்ரஸர் ஒலியைத் தாழ், நடு, உயர் என்று பேண்டுகளாகப் பிரித்து, நடுப்பகுதியை ஒரே கட்டாகப் பிடித்து அமுக்கும். நாயனம் உரக்க எழுந்ததும் கம்ப்ரஸர் இறங்கும், அதே பேண்டில் இருக்கும் குரலும் சேர்ந்து இறங்கும். அப்படியானால் மிக்ஸில் வெளியே நின்ற குரல் அந்த ஃபைலில் உள்ளே போயிருக்கத்தான் வேண்டும். நடு பேண்டின் த்ரெஷோல்டை, அதாவது அமுக்கத் தொடங்கும் அளவை, உயர்த்தி, அமுக்கம் 2 டெசிபலுக்குள் நிற்கும்படி வைத்தால் இது பெரும்பாலும் தீரும். குரலைத் தனியாக கம்ப்ரஸ் செய்யலாமே என்றால், இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் கம்ப்ரஸர், ஒலி உள்ளே வரும் இன்புட்டில்தான். பதியும்போது போடாததை மிக்ஸில் போட முடியாது.

இதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தால் கோயில் ஸ்பீக்கர் குறுக்கே வருகிறது. தடை என்று போலீஸ் எத்தனை முறை சொன்னாலும் ஆடி மாதம் மைக் செட்காரர் கட்டுவது கூம்புக் குழாய்தான். அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. உருமியின் உறுமல் போய்விடும், தவிலின் தொப்பிப் பக்கம் போய்விடும். மிஞ்சுவது குரலும் நாயனமும் பம்பையின் சிலிர்ப்பும். ஸ்டீரியோவும் இல்லை. இடது வலது என்று நான் பிரித்து வைத்த பம்பையும் பின்பாட்டும் ஒரே இடத்துக்கு வந்து குரல் மேல் விழும். அப்படிப் பார்த்தால் அவருக்கு வேண்டியது ஸ்டுடியோ மிக்ஸே இல்லை, தெருமுனை மிக்ஸ். எனக்குத் துருத்தலாகப் பட்ட குரல் அந்தத் தெருவுக்கு அளவானதாக இருக்கலாம். அதே பாட்டை பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவருக்கு என்ன சொல்வது? அவரும் ஆடி மாதத்தில்தான் கேட்கிறார்.

கடைசியில் போனது குரலை ஒன்றரை டெசிபல் தூக்கிய ஃபைல். நாயனம் எறங்கவில்லை. அது என் முடிவா, அவர் முடிவா என்று யாராவது கேட்டால் ஆளுக்கு ஏற்றபடி பதில் மாறுகிறது. குரலைத் தூக்கியதில் எனக்குச் சம்மதம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஃபேடரைத் தள்ளியது யார் கை?

இரண்டு மிக்ஸ் எடுத்துத் தந்திருக்கலாம் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எடுக்கலாம். முதல் மிக்ஸை வேவ் ஃபைலாக வெளியே எடுத்துப் பெயர் மாற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, பாட்டையும் வேறு பெயரில் காப்பி செய்துகொண்டுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். மிக்ஸ்டவுன் நிற்கும் இடமான அவுட் பாயிண்ட்டை உடுக்கையின் கடைசி அடியிலிருந்து 4 விநாடி தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிவெர்ப் எனும் எதிரொலியின் வால் அறுபடும். இரண்டு ஃபைலுக்கும் மாஸ்டரிங் அளவுகள் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உரக்கக் கேட்பதே நல்லதாகத் தோன்றும். இத்தனையும் செய்து இரண்டையும் கையில் கொடுத்தால் அவர் எதை எடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.