வீட்டுக்குள் ஒரு கீர்த்தனை: பொறையாறு நாட்குறிப்பு

அக்டோபர் 6

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாய் நிறையப் பாடுகிறோம். திங்கள் முதல் சனி வரை நமக்குப் பதிலாக யூடியூப் பாடுகிறது. அது பாட, நாம் சமைக்கிறோம். எனக்கு இது போதவில்லை. குடும்ப ஜெபத்தில் சொல்லிவிட்டேன்: காலையில் ஒரு பாட்டு, ராத்திரி சாப்பிடுமுன் ஒரு பாட்டு, நம் வாயால்.

"எனக்குச் சுருதியே சேராதேம்மா" என்றான் மகன்.

"தொண்டையைக் கொடுத்தவருக்குத்தானேப்பா பாடப்போற, அவருக்குத் தெரியாதா?" என்றார் அத்தை.

அக்டோபர் 9

அத்தையின் பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தையல் விட்டுப்போய், முதுகில் வேட்டித் துணி ஒட்டியிருக்கிறது. கீர்த்தனைப் பக்கங்களில்தான் எண்ணெய்க் கறை அதிகம். பாட்டுக்கு மேலே இராகம், தாளம் அச்சடித்திருக்கிறது. அத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் பல்லவியை எடுத்துக்கொடுத்தால் போதும், கடைசிச் சரணம் வரை பார்க்காமலே பாடுவார். நாற்றுப் பறிக்கும்போதும் மாவாட்டும்போதும் பாடிப் பாடி மனசில் ஏறியவை.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) நினைவுக்கு வருகிறார். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னருக்கு நெருக்கமானவர். அப்படிப்பட்டவர் ஜனங்களுக்குப் பழகிய குறவஞ்சியையும் கும்மியையும் எடுத்து ஆண்டவருக்குப் பாட்டுக் கட்டினார். தெரிந்த மெட்டு என்றால் கையில் வேலை இருக்கும்போதும் வாயில் தானாக வரும். வீட்டுக்கு வேண்டியது அந்த மாதிரிப் பாட்டுதான்.

அக்டோபர் 14

ஸ்கூல் பஸ் அவசரத்தில் பல்லவியோடு முடிந்துவிடுகிறது. சரி, பரவாயில்லை.

அக்டோபர் 22

விடாத மழை. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதில், நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நிற்கிறது. வீட்டுக்காரர் இருட்டும்வரை மண்வெட்டியோடு நின்றுவிட்டு வந்தார். கரண்டும் இல்லை. இன்றைக்குப் பாட்டு வேண்டாம் என்று சொல்ல நானே வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டு, பைபிளிலிருந்து 13-ஆம் சங்கீதத்தைச் சொல்லச் சொன்னார். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பித்து, "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது.

துதி என்றால் வயிற்றெரிச்சலை மறைத்துக்கொண்டு சிரிப்பது என்று சிலர் போதிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சங்கீதத்தில் தாவீது முதலில் முறையிட்டுவிட்டுத்தான் பாடினான். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்துக்குப் போகிற ராத்திரியிலும் இயேசு சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் புறப்பட்டார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். அந்த ராத்திரியில் பாட முடிந்ததென்றால், தண்ணீர் நிற்கிற வயலை வைத்துக்கொண்டு நாங்களும் பாடலாம். பாடினோம். வீட்டுக்காரர் பாடவில்லை, முழங்காலில் தாளம் மட்டும் போட்டார். எனக்கு அதுவும் பாட்டுதான்.

அக்டோபர் 31

சீர்திருத்தத் திருநாள், மார்ட்டின் லூத்தர் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதை நினைக்கிற நாள். தரங்கம்பாடியில் 1718-இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குப் போய்வந்தோம். சபையார் எல்லாரும் தாய்மொழியில் பாட வேண்டும் என்று லூத்தர் தாமே பாட்டுகள் எழுதினார். பாடகர் குழு இருக்கிறதே என்று நாம் வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் காட்டிய வழி இல்லை.

பஸ்ஸில் மகன் கேட்டான்: "அம்மா, வாய்க்குள்ளேயே பாடினா கணக்குல வருமா?" வரும் என்றேன். அப்புறம் அவனே கிறிஸ்துமஸுக்குள் ஒரு கீர்த்தனையைப் புத்தகம் இல்லாமல் பாடிக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். வாரம் ஒரு சரணம், சொல்லிக்கொடுப்பது அத்தை. நாளைக்குப் பல்லவி.